வாலில்லாத் தேள்கள்

ஓர் உயிருக்கு நாம் இடும் பெயர், சிலவேளைகளில் அதன்மீது நாம் சுமத்தும் பழியாகவும் அமைந்துவிடுவதுண்டு. போலித்தேள் என்னும் சின்னஞ்சிறு பிராணிக்கு நேர்ந்ததும் அதுவே. தேளைப் போன்ற உருவம் அதற்கு வாய்த்தது. ஆயினும் தேளின் வாலும் வாலின் நுனியிலுள்ள கொடுக்கும் வாய்க்கவில்லை. ஆதலால், "இது தேளன்று, தேளாக நடிக்கும் போலி" என்று உலகம் அதற்குப் பெயர் சூட்டிவிட்டது. அப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும், இப்பிராணிகளில் எத்தனை வகைகள் உள்ளன, அவ்வகைகளை அறிஞர்கள் எவ்வாறு பிரித்தார்கள் என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

நெடுநாள் திறவாத புத்தக அலுமாரியிலிருந்து பழைய நூலொன்றை எடுத்து விரிக்கும்போது, எள்ளளவான கபில நிறப் பூச்சியொன்று இரண்டு இடுக்கிகளை முன்னே நீட்டிக்கொண்டு தாளின்மீது மெல்ல நடப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். விரலால் தீண்டினால் அது திரும்பி ஓடாது. முன்னோக்கி வந்த வேகத்தினும் கூடிய வேகத்தோடு பின்னோக்கி நகரும். கண்டவர் பலரும் தேட்குஞ்சு என்று எண்ணி அதனை நசுக்கிவிடுவர். அது தேட்குஞ்சும் அன்று. மனிதருக்குத் தீங்கு செய்ய வல்லதும் அன்று. புத்தகத்தின் பசையையும் பூஞ்சணத்தையும் நாடிவரும் புத்தகப்பேனையும், தூசியில் வாழும் சிற்றுண்ணிகளையும், துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் குடம்பிகளையும் பிடித்துண்பதே அதன் தொழில். நம் வீட்டு நூல்களுக்குக் கூலி பெறாத காவலாளி அது எனலாம்.

எள்ளளவு உடலில் இத்தனை கருவிகள்

போலித்தேள்கள் ஆத்திரப்போடா என்னும் பெருங்கணத்திலே, சிலந்தி, தேள், உண்ணி என்பன அடங்கும் அரக்கினிடா வகுப்பைச் சேர்ந்தவை. ஆகவே பூச்சிகளுக்கு உள்ளவாறு ஆறு கால்கள் அல்ல, எட்டுக் கால்கள் இவற்றுக்கு உள. பெரும்பாலானவற்றின் நீளம் 2 முதல் 8 மில்லிமீற்றர் வரையே. அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் நடுவேயுள்ள அசென்சன் தீவில் வாழும் கரிப்பஸ் தைற்றானியஸ் என்னும் இனமே இவற்றுள் மிகப் பெரியது. போலித்தேள்களுக்குள் அது ஓர் அரக்கன். ஆனால் அந்த அரக்கனின் நீளமோ ஏறக்குறைய 12 மில்லிமீற்றர்தான்.

உருவிற் சிறியதாயினும் கருவிகளில் இப்பிராணி குறைந்ததன்று. வாய்க்கு அருகிலுள்ள சிறிய தாடைக்கொம்புகளிலிருந்து பட்டுநூல் சுரக்கிறது. சிலந்தி தன் நூலை வயிற்றின் முடிவிலிருந்து நூற்கும். போலித்தேளோ வாயருகிலிருந்து நூற்கும். அந்நூலாலே சிறு கூடு அமைத்து, தோல் கழற்றும் காலத்தையும் குஞ்சு பேணும் காலத்தையும் குளிர்நாடுகளில் மாரியையும் அதனுள் கழிக்கும். பெரிய இடுக்கிக் கைகளின் விரல்களிலே பல இனங்களுக்கு நஞ்சுச் சுரப்பி உண்டு. தேள் தன் நஞ்சை வாலில் வைத்திருக்கிறது; போலித்தேள் அதனைக் கையில் வைத்திருக்கிறது. அந்நஞ்சு சிறு பூச்சிகளை மயக்கப் போதுமானதேயன்றி, மனிதரை வருத்தப் போதுமானதன்று.

கண்கள் சிலவற்றுக்கு நான்கு, சிலவற்றுக்கு இரண்டு, குகைகளிலும் மண்ணுக்குள்ளும் வாழும் பலவற்றுக்குக் கண்ணே இல்லை. பார்வையின் குறையை நிறைவு செய்பவை இடுக்கியின்மேல் நிற்கும் நுண்ணிய உணர்மயிர்கள். காற்றின் மிகச் சிறு அசைவையும் அவை உணர்ந்து கொள்ளும். முதிர்ந்த போலித்தேளின் இடுக்கி ஒன்றிலே, அசையா விரலில் எட்டும் அசையும் விரலில் நான்குமாகப் பன்னிரண்டு உணர்மயிர்கள் இருப்பது பொதுவிதி. குஞ்சுப் பருவங்கள் மூன்று. முதற் பருவத்தில் மூன்றும் ஒன்றும், இரண்டாம் பருவத்தில் ஆறும் இரண்டும், மூன்றாம் பருவத்தில் ஏழும் மூன்றும் என அவை படிப்படியாகப் பெருகும். ஆகையால் நுணுக்குக்காட்டியின் கீழே மயிரை எண்ணியே பிராணியின் பருவத்தைச் சொல்லிவிடலாம். அம்மயிர்கள் நிற்கும் இடங்களோ இனத்துக்கு இனம் வேறுபடும். போலித்தேள்களை வகைப்படுத்துவோர்க்கு இம்மயிர்களின் அமைவு ஒரு நிலப்படம் போன்றது.

ஏட்டில் ஊர்ந்த பிராணி ஏட்டில் ஏறியமை

இப்பிராணியை மனிதன் அறிந்தது நேற்றன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்னர், விலங்குகளைப் பற்றிய தமது நூலிலே, புத்தகங்களில் வாழும் வாலில்லாச் சிறு தேள்களைக் குறிப்பிட்டுள்ளார். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொபேட் ஹூக் என்பவர், தாம் நுணுக்குக்காட்டியாற் கண்டவற்றைச் சித்திரங்களோடு வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இதற்கும் ஓரிடம் அளித்தார். செப்டெம்பர் மாதத்தில் ஒரு நாள் அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மீதே அது ஊர்ந்து வந்ததாம். நண்டைப் போன்ற பூச்சி என்று அவர் அதனை வருணித்தார்.

உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758இல் இதனை உண்ணிகளோடு சேர்த்து, நண்டு போன்றது என்னும் பொருள்பட "கங்குறோயிடெஸ்" எனப் பெயரிட்டார். 1762இல் பிரான்சிய அறிஞர் யொப்றுவா இதனை உண்ணிகளினின்று பிரித்து, இடுக்கி தாங்கி என்னும் பொருளுடைய "கெலிபர்" சாதியை வகுத்தார். அன்று தொட்டு வீட்டுப் புத்தகங்களில் உலாவும் அவ்வினத்துக்குக் கெலிபர் கங்குறோயிடெஸ் என்பதே பெயர். மனிதனோடும் அவனது பண்டங்களோடும் பயணஞ்செய்து அது இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

ஒரே இனமாகத் தோன்றிய இக்கூட்டம், தேடத் தேடப் பெருகிற்று. இன்று 4,000க்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவை 450க்கு மேற்பட்ட சாதிகளிலும் ஏறத்தாழ 25 குடும்பங்களிலும் அடங்கும். மெய்யான தேள்களில் இன்றுவரை பெயர் பெற்றவை 3,000 இனங்களை எட்டவில்லை. போலி எனப்பட்டவை மெய்யானவற்றைத் தொகையால் விஞ்சிவிட்டன!

காலை எண்ணி வகுத்த முறை

இத்தனை இனங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? அமெரிக்க அறிஞர் யோசப் கொன்றட் சேம்பர்லின் 1931இல் வெளியிட்ட பெருநூல் இதற்கு ஒரு வழி காட்டிற்று. அவர் கால்களின் பாதங்களை நோக்கினார். சிலவற்றில் முன்னிரு சோடிக் கால்களின் பாதம் ஒரே துண்டாகவும் பின்னிரு சோடிகளின் பாதம் இரு துண்டுகளாகவும் இருந்தது. வேறு சிலவற்றில் நான்கு சோடிகளின் பாதங்களும் இரு துண்டுகள். எஞ்சியவற்றில் நான்கு சோடிகளும் ஒரே துண்டு. இம்மூன்று நிலைகளையும் கொண்டு வருணம் முழுவதையும் மூன்று உபவருணங்களாக அவர் பிரித்தார். அடுத்த ஆண்டாகிய 1932இல், வியன்னா நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த மக்ஸ் பையர், அன்றறிந்த இனங்களையெல்லாம் தொகுத்து இரு பெருந் தொகுதிகளை வெளியிட்டார். பின்வந்தோர்க்கு இவ்விருவரின் நூல்களும் நெடுங்காலம் வழிகாட்டிகளாய் விளங்கின.

காலை எண்ணுவது எளிது; யாவரும் சரிபார்க்கக் கூடியது. ஆயினும் எளிதான அடையாளம் எப்போதும் உண்மையான உறவைக் காட்டும் என்பதற்கில்லை. இருவர் ஒரே நிறச் சட்டை அணிந்தமையால் உடன்பிறந்தோர் ஆகிவிடுவரோ? அவ்வாறே, வெவ்வேறு வழியில் வந்த இரு கூட்டங்கள் தத்தம் போக்கிலே ஒரே வகையான பாதத்தைப் பெற்றிருத்தல் கூடும்.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மாக் ஹாவி என்னும் அறிஞர் 1992இல் இக்கேள்வியை மீண்டும் எழுப்பினார். ஓர் உறுப்பை மாத்திரம் நம்பாது, உடலின் பல உறுப்புகளையும் ஒருங்கே ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, இடுக்கியில் நஞ்சு உடைமையும் இன்மையுமே ஆழமான பிரிவு என்று அவருக்குத் தோன்றிற்று. நஞ்சுடையவை யாவும் ஒரு கிளை. நஞ்சில்லாதவை மற்றொரு கிளை. இதன்படி, ஒற்றைத் துண்டுப் பாதம் பற்றிச் சேம்பர்லின் கெலிபர் முதலியவற்றோடு சேர்த்திருந்த பியெல்லிடே குடும்பம், அங்கிருந்து நீங்கி, நஞ்சற்ற கிளைக்கு மாறிற்று. பாதம் ஒத்திருந்தும் உறவு ஒத்திருக்கவில்லை.

கதை அத்தோடும் முடிந்திலது. 2019இல் ஹாவியும் அமெரிக்காவிலுள்ள ஆய்வாளர் சிலரும் சேர்ந்து, பல குடும்பங்களின் பரம்பரையலகுகளை நூற்றுக்கணக்கில் ஒப்பிட்டனர். நஞ்சுடையவை யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பது உறுதியாயிற்று. ஆனால் நஞ்சற்றவை ஒரு குலமல்ல என்பதும் வெளியாயிற்று. அவற்றுள் பியெல்லிடேயின் கூட்டம் மற்றெல்லாவற்றுக்கும் முன்னரே பிரிந்து சென்ற கிளை. தோனியிடேயின் கூட்டமோ நஞ்சுடையவற்றுக்கு நெருங்கிய உறவு. ஹாவி 1992இல் தாமே வகுத்த முறையின் ஒரு பாதியை, 2019இல் தாமும் பங்குகொண்ட ஆராய்ச்சியினாலே திருத்திக்கொண்டார். வகைப்பாடு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று; சான்றுக்குத் தலைவணங்கும் ஒரு கருத்து என்பதை மாணவர்கள் இதனின்றும் உணரலாம்.

போலியா, உறவா?

இனி, பெயரைப் பற்றிய பழைய வழக்குக்கு வருவோம். போலித்தேள் தேளுக்கு எவ்வகையில் உறவு? நெடுங்காலமாக அறிஞர் பலர், "தேளோடு ஒத்திருப்பது வெளித்தோற்றம் மாத்திரமே, மெய்யான உறவு பாலைநிலங்களில் ஓடித்திரியும் ஒட்டகச் சிலந்திகளோடு" என்று கருதிவந்தனர். தேள் ஏட்டு நுரையீரல் என்னும் உறுப்பால் சுவாசிக்கிறது. போலித்தேளோ வாதனாளிகளால் சுவாசிக்கிறது. இவ்வேறுபாடு அக்கருத்துக்கு வலுவளித்தது.

2021இல் வெளிவந்த பரம்பரையலகு ஆராய்ச்சியொன்று இத்தீர்ப்பை மாற்றிற்று. சிலந்திகளினதும் தேள்களினதும் பண்டைய மூதாதையிலே பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் இரட்டித்ததற்கான அடையாளம் உண்டு. அதே இரட்டிப்பின் சுவடு போலித்தேள்களிடத்தும் காணப்பட்டது. ஒட்டகச் சிலந்திகளின் பக்கத்தில் வைத்தால் இதனை விளக்குதல் அரிது. இனங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து ஒப்பிட்டபோது, போலித்தேளுக்கு மிக நெருங்கிய உறவு மெய்த்தேளே என்னும் முடிவு கிடைத்தது. போலி என்று ஒதுக்கப்பட்டவன் உடன்பிறந்தவனாய் வந்து நின்றான்!

இக்குலத்தின் பழமையும் சிறிதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாகாணத்தில் கில்போவா என்னும் இடத்துப் பாறைகளிலிருந்து கிடைத்த போலித்தேளின் உயிர்ச்சுவடு, 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பறவையும் பூக்கும் செடியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, இடுக்கி நீட்டிய இவ்வுயிர்கள் நிலத்தில் உலாவின.

வாழும் இடமும் வாழும் வகையும்

துருவப் பனிநிலங்கள் நீங்கலாகப் பூமியின் பெரும்பகுதியிலும் இவை வாழ்கின்றன. இலைச்சருகு, மரப்பட்டை, கல்லின் அடி, குருவிக் கூடு, கறையான் புற்று, தானியக் களஞ்சியம் எனப் பல இடங்களை இவை தமக்கு உறைவிடமாக்கிக் கொண்டன. கரிப்பிடே குடும்பத்தின் பல இனங்கள் கடற்கரைக் கற்களின் கீழே உப்புக் காற்றில் வாழும். சுலோவீனியா நாட்டின் பொசுத்தொயினா குகையிலிருந்து 1847இல் விவரிக்கப்பட்ட கண்ணில்லாப் போலித்தேள், நீண்டு மெலிந்த கைகால்களை உடையது; என்றும் இருள் நிலவும் இடத்தில் தடவித் தடவியே இரை தேடுவது.

பரம்பலும் வியப்புக்குரியதே. பியெல்லிடே குடும்பம் ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் காணப்படுகிறது. இவை முற்காலத்தில் ஒன்றாயிருந்து பிரிந்த தென்பெருங்கண்டத்தின் துண்டுகள் அன்றோ? அதன் அயற் குடும்பமொன்று இன்று வட அமெரிக்காவிலும், உலகின் மறுகோடியிலுள்ள தஸ்மேனியாத் தீவிலும் மாத்திரம் உயிர்வாழ்கிறது. இடைப்பட்ட நாடுகளில் அது இல்லை. ஆயினும் ஐரோப்பாவின் பால்ற்றிக்குக் கரையில் எடுக்கப்படும் அம்பரினுள்ளே அதன் உயிர்ச்சுவடுகள் அகப்பட்டுள்ளன. பரந்து வாழ்ந்த குலமொன்றின் இரு முனைகளே இன்று எஞ்சி நிற்கின்றன.

சிறகில்லாத இவ்வுயிர்கள் தூர இடங்களுக்குச் செல்வது எங்ஙனம்? ஈயின் காலையோ வண்டின் உடலையோ இடுக்கியால் இறுகப் பற்றிக்கொண்டு, செலவின்றிச் சவாரி செய்யும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு பெரிய வண்ண வண்டின் சிறகுக்கு அடியிலே ஒருவகைப் போலித்தேள் ஏறிச் செல்கிறது. பட்டுப்போன ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்கு அவ்வண்டே வாகனம். வலிய ஆண்கள் அவ்வாகனத்தைத் தமதாக்கிக்கொண்டு, ஏனைய ஆண்களைக் கீழே தள்ளிவிடுமாம்.

தாய்மையிலும் இவை குறைந்தவையல்ல. முட்டைகள் அடங்கிய பையைத் தாய் தன் வயிற்றின் கீழே சுமந்து, தன் உடலிற் சுரக்கும் ஊட்டநீரைக் கருக்களுக்கு அளிக்கும். பிரேசில் நாட்டில் மரப்பட்டையின் கீழே கூட்டமாக வாழும் ஓரினம், பலர் சேர்ந்து தம்மிலும் பெரிய பூச்சிகளை வேட்டையாடி, இரையைப் பகிர்ந்துண்ணும். இரை கிடையாத பஞ்சகாலத்தில் தாய் கூட்டை விட்டு வெளியே வந்து, தன் உடலையே குஞ்சுகளுக்கு உணவாக ஒப்புக்கொடுப்பதை ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தனர்.

நம் பகுதியில்

ஆசியாவின் போலித்தேள்களைப் பற்றிய முக்கியமான தொடக்க நூல்களுள் ஒன்று, டென்மார்க்கு நாட்டு கார்ல் வித் 1906இல் எழுதியது. விதியிடே என்னும் குடும்பத்தின் பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகிறது. இலங்கையில் எடுக்கப்பட்ட போலித்தேள்களைப் பற்றி முன்னர் கூறிய மக்ஸ் பையர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1977இல், சென்னை லொயோலாக் கல்லூரியோடு தொடர்புடைய பேராசிரியர் ரி. என். அனந்தகிருஷ்ணனும் வி. ஏ. மூர்த்தியும் இந்தியப் போலித்தேள்களைப் பற்றித் தனிநூல் எழுதினர். 2014இல் இலங்கை ஆய்வாளர் இருவர் நமது தீவின் போலித்தேள் இனங்களைப் பட்டியலிட்டு, குடும்பங்களை அடையாளங் காணும் திறவுகோலையும் வகுத்தளித்தனர்.

பட்டியல் எழுதியாயிற்று, இனி என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. இலைச்சருகிலும் குகையிலும் வாழும் பல இனங்கள் மிகக் குறுகிய இடத்துக்கே உரியவை. ஒரு குகையில் அல்லது ஒரு மலையிலன்றி வேறெங்கும் காணப்படாதவை அவற்றுள் உண்டு. அக்குகை உடைக்கப்பட்டால், அம்மலையின் காடு எரிக்கப்பட்டால், அவ்வினமும் அத்தோடு அற்றுப்போகும். யானை அழிந்தால் நாடு அறியும்; எள்ளளவு உயிர் அழிந்தால் அறிவார் யார்? பெயரிடப்படாத உயிருக்காக வழக்காட ஒருவரும் வருவதில்லை. உயிர்களுக்குப் பெயரிட்டு வகுப்பதை வறட்டு வேலையென எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வேலை

போலித்தேளைக் காண விரும்பும் மாணவர் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள் புகவும் வேண்டாம். வீட்டு வளவிலே மாமரத்தின் அடியிலோ பலாமரத்தின் அடியிலோ ஈரலிப்பாய்க் கிடக்கும் சருகில் இரண்டு கைப்பிடி எடுத்து, அரிதட்டில் இட்டு, வெள்ளைத் துணியொன்றின்மேல் மெல்ல அரியுங்கள். விழுந்த தூளைச் சிறிது நேரம் அசையாது நோக்குங்கள். எறும்புகளும் உண்ணிகளும் முதலில் ஓடும். போலித்தேளோ ஆபத்தை உணர்ந்து, கைகளை மடக்கிக்கொண்டு, மண்துகள் போலக் கிடக்கும். அமைதி திரும்பிய பின்னரே இடுக்கியை நீட்டி நடக்கத் தொடங்கும். ஆகவே பொறுமையே முதற் கருவி. கைவில்லை ஒன்று இருந்தால் கண்களின் தொகையையும், பாதம் ஒரு துண்டோ இரு துண்டோ என்பதையும் பார்க்க முயலலாம். மென்மையான தூரிகையின் நுனியால் எடுத்தால் அதற்குக் காயம் உண்டாகாது.

எந்த மரத்தின் சருகு, எந்த மாதம், மழையின் முன்னோ பின்னோ, எத்தனை கண்டீர்கள் என்பவற்றைக் கொப்பியிலே குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு இவ்வாறு குறித்துவந்தால், உங்கள் வளவைப் பற்றி வேறெவரும் எழுதாத சிறு வரலாறு ஒன்று உங்கள் கையில் இருக்கும். பார்த்து முடிந்ததும் சருகையும் பிராணியையும் எடுத்த இடத்திலேயே இட்டுவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: புத்தகத்தாளில் வாலில்லாச் சிறு தேளொன்று நடக்கக் கண்டால், அதனை நசுக்காது, தாளைச் சாய்த்து அலுமாரிக்குள் இறக்கிவிடுங்கள். அதற்கு அங்கே வேலை இருக்கிறது.